ஷிப்ட் சங்குக்கு எழாத குழந்தை

என் மகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே சமத்தான குழந்தை என்ற பட்டம் கிடைத்துவிட்டது. சும்மா வந்த பட்டம் இல்லை, பெரிய போட்டிக்கு நடுவே வாங்கியது. அந்த வருஷம் வரிசை முழுக்கக் கைக்குழந்தைகள். எல்லாம் வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஜென்மங்கள். என் மகள் மட்டும் ஷிப்ட் சங்கு ஊதினாலும் இமை அசையாமல் தூங்கினாள்.

நெய்வேலியில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் இதன் மதிப்பு தெரியும். சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. இந்த ஷிப்ட் முடிந்தது, அடுத்த ஷிப்ட்காரன் வா என்று ஊருக்கே கேட்கும்படி ஊதுகிற சைரன். கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டு நான் காப்பி டம்ளரைக் கீழே போட்டிருக்கிறேன். அது போதாது என்று நிலக்கரி மைன்ஸில் வெடி வேறு வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வரிசையில் உள்ள அத்தனை குழந்தையும் சேர்ந்து அலறும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஆண்கள் எழுந்து வந்து, பெற்றவளை முறைத்துவிட்டுப் போவார்கள். வெடி வைத்தவனை யாரும் முறைத்ததில்லை.

என் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். தன் பேரனை இடுப்பில் போட்டுக் குலுக்கிக்கொண்டே வந்து, கட்டிலில் தூங்கும் என் மகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"நீ என்னத்தட்டி குடுக்க இவளுக்கு? எங்களுக்கும் சொல்லேன். இந்தப் பய எங்களத் தூங்கவே விடமாட்டேங்கான்."

நானும் பெருமையாகச் சிரிப்பேன். பிள்ளை வளர்ப்பில் எனக்கு ஏதோ கைராசி இருப்பதாகவே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அமைதி இருந்தது என்று இதை வைத்து யாரும் எண்ணிவிடக் கூடாது. என் கணவருக்கு மைன்ஸில் பெல்ட் ஓட்டும் பிரிவில் வேலை. தோண்டிய மண்ணை மைல் கணக்கில் சுமந்து போகிற பெல்ட் அது. அதை இழுக்கிற மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று, அவருடைய குரல் மோட்டாரைவிட ஒரு படி மேலே போய் அங்கேயே தங்கிவிட்டது. "குழம்புல உப்பு கம்மி" என்று அவர் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சொன்னால், அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன குறை என்பது மூன்று வீடுகளுக்குத் தெரிந்துவிடும். டிவி போட்டால் தெருவே செய்தி கேட்கும். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதோ என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கள்லாம் இப்ப வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்றார்.

காதை மூடிக்கொள்ள இயர் மஃப் கொடுத்திருந்தார்கள். வாசல் பக்கத்து ஆணியில், பைக் சாவிக்கு மேலே அது தொங்கும். சாவியை எடுப்பார், அதைத் தொடமாட்டார். கேட்டால், "அத மாட்டிக்கினா மிஷின் சத்தம் எப்படிக் கேக்கும்? சத்தத்த வச்சிதான் கோளாறு கண்டுபுடிக்கறோம்" என்பார். ஆக அந்த ஆணியின் காது மட்டும் பத்திரமாக இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, பிள்ளைப்பேறு முடிந்து என் அம்மா ஊருக்குக் கிளம்பியதும், அண்ணி வந்து சேர்ந்தார். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு. இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் தன் பொறுப்பு என்று நம்புகிறவர். பண்ருட்டி பஸ்ஸிலிருந்து ஒரு கையில் பலாப்பழம், இன்னொரு கையில் எண்ணெய் பாட்டிலோடு இறங்கினார். பலாப்பழம் எங்களுக்கு. எண்ணெய் குழந்தையின் காதுக்கு.

அண்ணியின் கணக்குப்படி கடவுள் மனிதனுக்குக் காதில் ஓட்டை வைத்ததே எண்ணெய் ஊற்றத்தான். கேட்பது என்பது அதில் கிடைக்கிற உபரி வசதி. குளிப்பாட்டும்போதெல்லாம் இந்தக் காதில் ஒரு கரண்டி, அந்தக் காதில் ஒரு கரண்டி. குளித்து முடித்ததும் காதுக்குள் "உஃப்" என்று ஊதுவார். பிறகு வீடு முழுக்கச் சாம்பிராணி. பிறகு மின்விசிறிக் கொக்கியில் கட்டிய தூளியில் குழந்தையைப் போட்டு, பால் புட்டியை ஒரு துணிச்சுருளில் முட்டுக்கொடுத்து வாயில் வைத்துவிடுவார். படுத்துக்கொண்டே குடித்து, குடித்துக்கொண்டே தூங்கிவிடும். பெற்றவளுக்குக் கை வலியில்லை. வரிசையில் எல்லா வீட்டுத் தூளியிலும் இந்த ஏற்பாடுதான். நானும் என்னமோ பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

குழந்தை குப்புற விழுந்து தவழ ஆரம்பித்த சமயத்தில் முதல் தடவை சளி பிடித்தது. சளிக்குப் பின்னால் காய்ச்சல். காய்ச்சலுக்குப் பின்னால் ஓர் அழுகை. அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் அவள் அழுததில்லை. பாலை வாயில் வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சுவாள், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடுவாள். தலையை இப்படியும் அப்படியும் உருட்டுவாள். வலது காதைப் பிடித்துப் பிடித்து இழுப்பாள். இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்? காதைத்தான் கையில் பிடித்துக் காட்டினாள்.

அதனால் எங்கள் வரிசைப் பெண்கள் கூடி, காதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நோயைத் தேடினார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறிய ஊர் இது. ஒரு காய்ச்சல் வந்தால் போதும், எல்லா மாவட்டமும் வைத்தியத்தோடு வாசலில் வந்து நிற்கும். புதிதாக வாட்ஸ்அப் வேறு வந்திருந்தது. ஊரில் இல்லாத மாவட்டங்கள் அதில் வந்தன.

"ஒரம் வுழுந்துடுச்சி" என்றார் அண்ணி. கழுத்துப் பிசகியிருக்கிறதாம். புடவையில் போட்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டினார்கள். குழந்தை முன்னைவிட இரண்டு மடங்கு கத்தியது.

"பல்லு முளைக்கி, வேற ஒண்ணுமில்ல. செவியில ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடு, சரியாப் போவும்" என்றார் திருநெல்வேலி அக்கா. பல்லுக்குக் காதில் ஏன் பால் என்று நான் கேட்கவில்லை, சொன்னபடி விட்டேன். கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும்.

கண்ணேறு என்று கோடி வீட்டுக்காரம்மா மிளகாயைச் சுற்றிப் போட்டார். எங்கள் எல்லோருக்கும் இருமல் வந்தது. கடைசியில் அண்ணி, பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் இறக்கினார். மறுநாள் காலையில் பார்த்தால் தலையணை உறை மஞ்சளாக நனைந்திருந்தது. காதிலிருந்து சீழ். ஆனால் குழந்தையின் உடம்பில் சூடு இல்லை. அழுகையும் இல்லை. ஆனந்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? உள்ள இருந்த கெட்டதெல்லாம் எண்ணெயோட வெளிய வந்துடுச்சி!" அண்ணி தலையணை உறையைத் தூக்கி வாசலில் எல்லோருக்கும் காட்டினார்.

"நாங்க விட்ட பாலுல்லா வேலை செஞ்சிருக்கு" என்று திருநெல்வேலி அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. யாருடைய வைத்தியம் பலித்தது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றது.

நடந்தது என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுக்காதில் சீழ் கட்டி, கட்டி, இடம் போதாமல் காது ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததால் வலி நின்றிருக்கிறது. கிழிந்த ஜவ்வுக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை.

இதே நாடகம் இன்னும் ஓரிரு தடவை நடந்தது. சளி, காய்ச்சல், வீறிடல், எண்ணெய், சீழ், தூக்கம். என் கணவருக்கு வேலை பர்மனென்ட், கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு எல்லா உரிமையும் எங்களுக்கு உண்டு. ஆனால் நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் நோய் குணமாகிவிடும். குணமான பிள்ளையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள்?

அப்புறம்தான் அவள் சமத்தாகிப் போனாள். அழுகை குறைந்தது. சங்கு ஊதினால் அசைவதில்லை. வெடிக்கு விழிப்பதில்லை. காலிங் பெல் அடித்து யார் வந்தாலும் தன் பாட்டுக்கு ஒரு மூடியை வைத்து உருட்டிக்கொண்டிருப்பாள். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"மைன்ஸ்காரன் புள்ளைக்கு சத்தமா பயம்? அவங்க அப்பன் ரத்தம்! எல்லாம் நான் ஊத்துன எண்ணெ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வரிசையில் நான்கு வீடுகளுக்கு அதே எண்ணெய் காய்ச்சிப் போனது.

அந்தப் பெருமையைக் கெடுத்தது ஒரு கொலுசு.

முதல் பிறந்தநாளுக்கு அண்ணிதான் வாங்கிப் போட்டார், நிறைய மணி வைத்த வெள்ளிக் கொலுசு. அவள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். திருநெல்வேலி அக்காவின் பேரனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அவனுக்கும் ஆசைக்கு ஒரு கொலுசு போட்டிருந்தார்கள். அவன் ஓர் அடி வைப்பான், சத்தம் கேட்கும், நின்று தன் காலையே குனிந்து பார்ப்பான். மறுபடி ஓர் உதை உதைப்பான், சிரிப்பான். நாள் முழுக்க அவனுக்கு அதே வேலை. என் மகள் நடந்தாள், கொலுசு குலுங்கியது, அவள் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

முதலில் பெண் பிள்ளைக்கு நகையில் ஆசையில்லை, பிழைத்தோம் என்று சிரித்தேன். அன்று மத்தியானம் கொலுசைக் கழற்றி, அவள் முதுகுக்குப் பின்னால் பிடித்துக் குலுக்கினேன். அவள் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் கிட்டே போய்க் குலுக்கினேன். திரும்பவில்லை. வலது பக்கம், இடது பக்கம் என்று மாற்றி மாற்றிக் குலுக்கினேன். கடைசியில் என் நிழல் மேலே விழுந்ததும் திரும்பி, என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

அந்தப் பையன் "காக்கா", "மாமா" என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்திருந்தான். இவள் "ஆ" என்பதோடு சரி. அதுவும் அடிவயிற்றிலிருந்து ஓங்கி ஒரு "ஆ". கொலுசையும் இதையும் சேர்த்துப் பார்த்தேன். என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லையா? பேச்சே வராதா? சமத்து, சமத்து என்று இத்தனை நாள் எதைக் கொண்டாடினோம்?

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. அப்போதே ஒரு பரிசோதனை நடத்தினார். குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, பெல்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஆளைக் கூப்பிடுகிற குரலில், "பாப்பா!" என்றார். குழந்தை திரும்பியது. எதிர் வரிசையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணும் திரும்பினார்.

"கேக்குது. போதுமா?" என்று லுங்கி மாற்றப் போய்விட்டார்.

அண்ணியின் பரிசோதனை இன்னும் நுட்பமானது. குழந்தைக்குப் பின்னால் தரையில் எவர்சில்வர் தாம்பாளத்தைப் போட்டுக் கரண்டியால் ஓங்கி ஓர் அடி. தரையே அதிர்ந்தது. குழந்தை தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியது.

"பாரு. நல்லா இருக்கற புள்ளைக்கு இல்லாத நோவ நீயே இழுத்துக்கினு வர. காது டாக்டர் கிட்ட போனோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?"

குழந்தைக்கு அப்போது ஒன்றே கால் வயதுகூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள், நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி அவர்களை விரட்டுகிறேன் என்பதுபோல் அண்ணி பேசினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாம்பாளத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "நீங்க ரெண்டு பேரும் வந்தா வாங்க, வராட்டி போங்க. நாளைக்கு நான் போறேன்" என்றேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். அவருக்கு அன்று ஆஃப். அண்ணி, நான் ஏதாவது உளறிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தார்.

காது டாக்டர் ஒரு பெண். மெல்லிய குரல். எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு அந்தக் குரலைக் கேட்க நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட வேண்டியிருந்தது. விளக்கு வைத்த கருவியால் இரண்டு காதுக்குள்ளும் நிதானமாகப் பார்த்தார். பஞ்சைக் கொண்டு எண்ணெயாகவும் அழுக்காகவும் ஏதோ எடுத்தார். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு டாக்டர், குழந்தையை என் மடியில் தன்னைப் பார்க்காதபடி உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

"பாப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

குழந்தை என் புடவை ஊக்கைத் திருகிக்கொண்டிருந்தது.

"குட்டிம்மா... இங்க பாரு."

ஊக்குதான் முக்கியம்.

"செல்லம்..."

என் கணவர் பக்கத்து நாற்காலியில் குழந்தையின் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார். பிறகு திரும்பி, அறை அதிரச் சொன்னார்: "கூப்புடுங்க டாக்டர்! ஏன் சும்மாவே நிக்கறீங்க?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு தடவ கூப்பிட்டேன், சார்" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவருக்குக் கேட்கும்படி சொன்னார்.

அப்பன் ரத்தம் என்று அண்ணி சொன்னது சரிதான், அப்பனையும் மகளையும் ஒரே பரிசோதனையில் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். என் கணவரின் முகம் கறுத்துப் போனது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காய்ச்சல் போனாலும் ஜவ்வுக்குப் பின்னால் நீர் வற்றாமல் கோந்து மாதிரி நின்றுவிட்டது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பதுபோல்தான் இவளுக்கு உலகம் கேட்கிறது. கத்தினால் கேட்கும். மெதுவாகப் பேசினால் கேட்காது. சங்குச் சத்தம் தூரத்திலிருந்து மொத்தையாக வந்து விழுவதால் தூக்கம் கலைவதில்லை.

"பேச்சு கத்துக்கிற வயசும்மா இது. காதுல விழுந்தாத்தான் வாயில வரும். இப்படியே விட்டா பேச்சு பின்தங்கிடும். ஆனா இது சரிபண்ற விஷயம்தான்."

சரிபண்ற விஷயம் என்பதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

காதில் எண்ணெய் கூடாது, பால் கூடாது, எதுவுமே கூடாது. காதுக்குள் ஊதக் கூடாது. சாம்பிராணிப் புகை கூடாது. தூளியில் படுக்க வைத்துப் புட்டி கொடுக்கக் கூடாது, தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற குழாய் குழந்தைகளுக்குச் சின்னதாக, படுக்கை வாட்டில் இருக்கும், பால் அந்தப் பக்கம் போய்விடும் என்றார். கொஞ்ச காலம் பார்ப்போம், தானாக வற்றினால் நல்லது, இல்லாவிட்டால் ஜவ்வில் ஒரு சின்னக் குழாய் வைத்துக் காற்றுப் போக வழி செய்யலாம்.

"எண்ணெயே ஊத்தாம புள்ள எப்படிம்மா வளரும்?" என்று அண்ணி கேட்டார்.

"தலைக்கு ஊத்துங்கம்மா, தாராளமா. காதுக்கு வேணாம்." பிறகு டாக்டர் என் கணவரைப் பார்த்து, "சார், நீங்களும் ஒரு நாள் டெஸ்டுக்கு வாங்க" என்றார்.

அவர் தலையாட்டினார். வெளியே வந்து பைக்கைக் கிளப்பியதும், "எனக்கென்னா கேடு" என்றார்.

காத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். தூளியை அவிழ்த்து மூட்டை கட்டினேன். மடியில் நிமிர்த்தி வைத்துப் புட்டி கொடுத்துக் கொடுத்துத் தோள்பட்டை வீங்கியது. வரிசைப் பெண்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். சமத்துப் பட்டத்தைக் கொடுத்த அதே வாய்கள், "நாங்க அப்பவே நெனச்சோம்" என்றன. அப்போதே நினைத்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் குளியலறையில் அண்ணி புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைப்பதைப் பார்த்தேன். எண்ணெய்க் கிண்ணம்.

"ரெண்டே சொட்டு. அந்த டாக்டருக்கு என்னா தெரியும், அவங்க புள்ள பெத்தாங்களா?"

நான் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. அண்ணி பையை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பலாப்பழத்தை அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டார். பழம் பழுத்து வீடு முழுக்க மணத்தது. கோபத்தில் அதை நான் தொடவில்லை. என் கணவர் ஒருவராக உட்கார்ந்து தின்று தீர்த்தார்.

மறுபடி போய்க் காட்டினோம். நீர் வற்றவில்லை. குழாய் வைப்பது என்று முடிவானது. சின்ன ஆபரேஷன், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்க அவளை என் கையிலிருந்து வாங்கிப் போனபோது, அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காரிடாரில் அமைதி காக்கச் சொல்லி ஒரு பலகை. அவர் அதைப் படித்தார். எங்கள் திருமண வாழ்க்கையில் முதல்முறையாக என் காதருகே குனிந்து, ரகசியமாகப் பேச முயன்றார்.

"பயப்படாத!"

காரிடாரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம். செய்தி கேட்டு அண்ணி மறுநாளே முந்திரிப் பருப்போடு வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை, பருப்பை மேசையில் வைத்துவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.

அவள் கை கால்கள் உதறின. கண் திறந்தது. என்ன ஏது என்று புரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு வாயைத் திறந்து ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், சங்கு தோற்றது.

"ஐயய்யோ, புள்ளைக்குப் பயம் வந்துடுச்சே! சங்குக்கே அசையாம தூங்கிக்கினு இருந்த புள்ள! டாக்டருங்க கெடுத்து வுட்டுட்டாங்களே!" அண்ணி விபூதி தேடி ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திருநெல்வேலி அக்கா, "உன் மவளா கத்துதா?" என்று கேட்டார். "ஆமாக்கா, என் மகதான்" என்று திருப்பிக் கத்தினேன். எங்கள் பட்டம் அந்த இடத்திலேயே பறிபோனது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் அழ அழ நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி எனக்கும் சேர்த்து விபூதி வைத்தார்.

சாயங்காலம் என் கணவர் வேலையிலிருந்து வந்தார். வழக்கம்போல் கேட்டிலிருந்தே, "பாப்பா!" என்றார். அத்தனை நாளும் அவளுக்கு இந்த உலகத்தில் ஒழுங்காகக் கேட்ட ஒரே குரல் அதுதான். அதைக் கேட்டால் கை கொட்டுவாள். அன்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். பைக் சாவி கையில் இருந்தது. "என்னப் பாத்தா அழுவுறா?" என்று கேட்டார். அதுவும் சத்தமாகத்தான் வந்தது. அவள் இன்னும் ஒடுங்கினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார். தான் மெதுவாகப் பேசுவது அவருக்கே கேட்காது. அதனால் பேசினோமா, வாயை மட்டும் அசைத்தோமா என்பது தெரியாது. குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்து, "பாப்பா" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். அவள் நிமிர்ந்தால் சரி, பேசியிருக்கிறோம். அழுதால் சத்தம் அதிகம். திரும்பாவிட்டால் என்னிடம், "இப்ப நான் பேசனனா?" என்று கேட்பார். "பேசுனீங்க" என்றோ "இல்ல" என்றோ சொல்வேன். மற்ற வீடுகளில் அப்பா குழந்தைக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டில் குழந்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவளுக்குக் காதில் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்துக் குளிப்பாட்டினோம். கொலுசை மறுபடி போட்டேன். முதல் நாள் அதை வைத்துக்கொண்டு வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. "ம்மா" வந்தது. "காக்கா" வந்தது. அவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும் முன் அவளிடம் தன் முறைக்காகக் காத்திருந்தார். "அப்பா" மட்டும் வரவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர் வாசல்படியில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கொலுசு குலுங்கப் போய் அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் அத்தனை வாரமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரலில், மெதுவாக, பூ மாதிரி, "ப்பா" என்றாள்.

அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ப்பா" என்றாள் மறுபடியும்.

முதல் ஷூ முடிந்து இரண்டாவதை எடுத்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்தே, வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "ஏங்க! உங்களத்தான் கூப்புடுறா! அப்பான்னு கூப்புடுறா, ரெண்டு தடவ கூப்ட்டுட்டா!"

அவர் திரும்பினார். குழந்தை நிற்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு காலில் ஷூவோடு அப்படியே மண்டியிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு சாமி" என்று காதை அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார். அவள் சொல்லவில்லை. காது கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், பிறந்ததிலிருந்து எல்லோரும் அவள் காதில் அதைத்தானே செய்தார்கள். அவர் காது மடலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். டாக்டர் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். அண்ணி மாதிரி "உஃப்" என்று ஊதினாள். அப்புறம் உள்ளே வாயை வைத்து, தன் அப்பனிடமிருந்து வாங்கிய மைன்ஸ் குரலில், "ப்பா!" என்று கத்தினாள்.

"கேக்குது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "கேக்குது சாமி."

அன்று அவர் ஷிப்டுக்குத் தாமதமாகத்தான் போனார். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு கதவைச் சாத்த வந்தேன். ஆணியில் இயர் மஃப் இல்லை.